பட்டி, கட்டுத்தரை, குடோன் எதையாவது கோழிக்கூடாக மாற்றினீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

கொறங்காட்டுக்காரன் (காங்கேயம்):

ஆடுகளை விற்ற பிறகு பட்டி சும்மா கிடந்தது. பத்துக்கு எட்டு அடி, சுற்றிலும் டைமண்ட் வலை, மேலே சிமெண்ட் அட்டை. புதிதாகக் கூடு கட்டக் கேட்ட தொகை இருபதாயிரத்தைத் தாண்டியது. இருப்பதே போதும் என்று நானும் அப்பாவும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிட்டோம். கதவுக்கு அடியில் பலகை, உட்கார இரண்டு மூங்கில் கழி, முட்டையிடப் பழைய தக்காளிப் பெட்டி இரண்டு. மொத்தம் 1,850 ரூபாய்.

பதினோராவது ராத்திரி, மூன்று மணி இருக்கும். சேவல் கத்தியது. கூவவில்லை, கத்தியது. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். பூட்டு அப்படியே இருந்தது, வலை எங்கும் கிழியவில்லை. எண்ணினேன், பதின்மூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். பதினான்காவது ஓரத்தில் வலையோடு ஒட்டிக் கிடந்தது. அம்முச்சி கொடுத்த கருங்கோழி. உடம்பு முழுசாக உள்ளே இருந்தது, தலை மட்டும் இல்லை. கழுத்து வலைக் கண்ணுக்கு வெளியே இழுபட்டுத் தொங்கியது. வேப்பமரத்தில் டார்ச் அடித்தால் இரண்டு கண், நீள வால். மரநாய்.

கழியை நடுவில் கட்டச் சொன்னார் அப்பா. உள்ளே போய்வர இடைஞ்சல் என்று வலையை ஒட்டிக் கட்டியது நான்தான். அந்த டைமண்ட் வலையின் கண் இரண்டு இஞ்ச். ஆட்டுக்குட்டி வெளியே போகாமல் இருக்க அது போதும். தூங்குகிற கோழிக்கு அது போதாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தறிக்குடோன் (பல்லடம்):

காங்கேயம் அண்ணா, அது மரநாயாக இருக்க வாய்ப்புக் குறைவு. மரநாய் பெரும்பாலும் பழம் தின்னும். வலைக்கு வெளியே நின்று தலையை இழுப்பது காட்டுப்பூனை வேலை. எங்கள் தோட்டத்தில் இதேபோல் நடந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி இரண்டுமே பாதுகாக்கப்பட்டவை.

என் கதை வேறு. நான்கு தறியை எடைக்குப் போட்ட பிறகு குடோன் காலியானது. நல்ல கூரை, நல்ல கதவு, நாலு பக்கமும் சுவர். நாய், பூனை, கீரி எதுவும் நுழையாது என்று அறுபது குஞ்சு விட்டேன். ஐப்பசி அடைமழையில் சாரல் வரக் கூடாதென்று இருந்த இரண்டு ஜன்னலுக்கும் சாக்கு கட்டினேன். நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் கண்ணைத் திறக்க முடியவில்லை, வெங்காயம் உரித்தது போல எரிந்தது. குனிந்து பார்த்தால் குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கின்றன. ஒன்றிரண்டுக்குக் கண் மூடிப்போய் நுரை கட்டியிருந்தது. அந்த வாரம் மட்டும் ஒன்பது போனது.

ஈரமான எச்சத்தில் இருந்து கிளம்பும் அம்மோனியா அது. எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை கறிக்கோழிப் பண்ணை! எதிலும் பக்கச் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் இருக்காது, மேலே முழுக்க வலைதான். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், வருகிறேன். அவர்கள் ஏன் சுவரை அவ்வளவு தாழ்வாக விடுகிறார்கள் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. பிறகு கூரைக்குக் கீழே இரண்டு வரிசை ஹாலோ பிளாக்கை இருபுறமும் உடைத்து எடுத்து வலை அடித்தேன்.

வாய்க்கால் கரை (கோபி):

சுருக்கமாகச் சொல்கிறேன். பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்புறம், பயன்படாமல் கிடந்த பழைய கழிப்பறையைக் கூடாக்கினோம். பீங்கானை எடுத்துவிட்டு மண் நிரப்பினோம். தண்ணீர் வெளியேறும் குழாய்த் துளையை மட்டும் கழுவிவிட வசதி என்று விட்டுவைத்தோம். நாலு இஞ்ச் துளை.

ஒரு நாள் சாயங்காலம் முட்டை எடுக்கப் போன என் மனைவி கூடைக்குள் கைவிடப் போனார். அடைக்கு உட்கார்ந்த கோழி கூடையில் இல்லாமல் மூலையில் நிற்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். கூடைக்குள் நல்ல பாம்பு, வாயில் பாதி முட்டை. அந்தக் கை கூடை விளிம்பு வரை போய்விட்டது. நான்கு வருடம் ஆகிறது, இப்போதும் அவர் இருட்டில் கூட்டுப் பக்கம் போவதில்லை. நானும் போகச் சொல்வதில்லை.

முன்னாள் கட்டுத்தரை (நாமக்கல்):

எல்லோரும் வெளியிலிருந்து வருவதைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு வந்தது சுவருக்குள்ளேயே இருந்தது.

அப்பாரு காலத்து மாட்டுக் கட்டுத்தரை, மண் சுவர், பனை விட்டம். காசு ஏதும் செலவில்லாமல் கோழிகளை அதில் அடைத்தோம். ஒரு மாதத்தில் ஒன்றுகூட உள்ளே போக மறுத்துவிட்டது. பொழுது சாய்ந்தால் புளியமரத்தில் ஏறிக்கொள்ளும். ஆத்தா வேப்பிலை கட்டினாள், சாம்பிராணி போட்டாள். ஒரு நாள் ஒரு வெடைக்கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தேன், உள்பக்கம் மிளகு ஒட்டியது போல வரிசையாக உண்ணிக்குஞ்சு. கொண்டை வெளுத்திருந்தது. அன்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போனேன். சுவர் வெடிப்பு ஒவ்வொன்றிலிருந்தும் உண்ணி இறங்கி வந்துகொண்டிருந்தது. பகலில் அதே சுவரில் ஒன்றைக்கூடக் காண முடியாது.

அதனால் பழைய கட்டடத்தில் கோழி விடுகிற எல்லோருக்கும் சொல்கிறேன். கோழி உண்ணி ரத்தம் குடிக்காமல் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கொஞ்ச நாள் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெடிப்பை எல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள். கோழி இல்லாத நேரத்தில் ஃப்ளேம் கன்னால் சுவரிலும் தரையிலும் தீ காட்டுங்கள், ஓலைக் கூரை என்றால் அதைத் தொடவே வேண்டாம். பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். கழியைச் சுவரில் செருகாமல் தனிக் கால் வைத்து நிறுத்தி, ஒவ்வொரு காலையும் பழைய ஆயில் ஊற்றிய டப்பாவில் வையுங்கள். கோழிமேல் மருந்து தெளிப்பதாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்ட பிறகுதான்.

அப்புறம் இடம். பகலில் மேய்கிற நாட்டுக்கோழிக்கு ராத்திரி அடைய ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி வேண்டும். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது. தரையில் கடலைத் தொலியோ உமியோ இரண்டு மூன்று இஞ்ச் போட்டு வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள், பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறார்கள். பல்லடம் தம்பி, நீங்கள் தரையில் எச்சம் கலந்த குப்பையில் சுண்ணாம்பு தூவியிருந்தால் அந்த ஒன்பதும் பிழைத்திருக்கும்.

தறிக்குடோன் (பல்லடம்):

ஐயா, உண்ணி விஷயம் நீங்கள் சொன்னது எனக்குப் புதிது, இன்றைக்கே சுவரைப் பார்க்கிறேன். ஆனால் சுண்ணாம்பு பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. அன்றைக்கு நான் முதலில் செய்ததே அதுதான். ஈரக் குப்பையில் சுண்ணாம்பு பட்டதும் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். மத்தியானத்துக்குள் நெடி இரண்டு மடங்கானது. ஒன்பதில் ஐந்து அதற்குப் பிறகு போனவை. கோழியை வெளியேற்றி, குப்பையை அள்ளிய பிறகு தரைக்கு அடித்தால் சரி. கோழி உள்ளே நிற்கும்போது வேண்டவே வேண்டாம். படிக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

பல்லடத்தார் சொல்வதே சரி. கூட்டுத் தரையில் போடும் தென்னை நார்த்துகளும் ஈரமானால் தொல்லைதான். இங்கே சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மழைக்காலத்தில் ஈரமாகவே கொட்டினேன், மூன்றே நாளில் பூஞ்சை பிடித்தது. நன்றாகக் காயவைத்துப் போட்டால் குறையில்லை. எங்களுடையது நாய்க்கூண்டு, நாலு கோழிக்கு அது போதும். சித்திரை வெயிலில் மேலே இருந்த தகரத்தைத் தொட்டபோது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அதற்கு அடியில்தான் அடைக்கோழி இறக்கையை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டு பதினோரு முட்டைமேல் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இப்போது மேலே இரண்டு அடுக்கு தென்னங்கீற்று.

கொறங்காட்டுக்காரன் (காங்கேயம்):

பல்லடம் தம்பி, நான் பார்த்தது பூனை வால் இல்லை. உடம்பு நீளத்துக்கு வால், மரத்தில் தலைகீழாக இறங்கியது. மரநாய் கோழியும் தின்னும். அதை விடுங்கள்.

கீழிருந்து மூன்றரை அடி உயரத்துக்கு அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பி வலை அடித்துவிட்டோம். எதுவும் தோண்டி வரக் கூடாது என்று வெளிப்பக்கம் ஒரு அடி மடக்கி மண்ணுக்குள் புதைத்தோம். இன்னும் 2,600 ரூபாய் ஆனது. கழியை நடுவுக்கு மாற்றினோம், அப்பாதான் கட்டினார். கோபியார் எழுதியதைப் படித்ததும் தண்ணீர்க் குழாய் போகும் துளையையும் அடைத்தேன். நாமக்கல் ஐயா, எங்கள் கோழிகளின் இறக்கையைப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

பன்னிரண்டு கோழியும் இப்போது கழியில் ஏறிவிடுகின்றன. சேவல் மட்டும் ஏறுவதில்லை, கதவோரம் தரையிலேயே படுக்கிறது. நேற்றும் தூக்கி நடுக்கழியில் விட்டேன். விளக்கை அணைப்பதற்குள் இறங்கிப் போய்க் கதவுப் பக்கம் நின்றுகொண்டது.