ஃபெஞ்சல் பெரிய புயலா, சின்னப் புயலா? வீட்டுச் சண்டை இன்னும் தீரவில்லை

கேள்வி: வேளச்சேரி_கீழ்த்தளம்

முதலில் என் வரலாறு. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த படத்தைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதில் ஒரு வெள்ளைக் கார் என்னுடையது. முந்தைய வருடம் மிக்ஜாம் புயலில் சீட் வரை தண்ணீர் ஏறி, மெக்கானிக்குக் கொட்டிக் கொடுத்தவன் நான். அதனால் நிறுத்தியதில் வெட்கமில்லை. ஆனால் 16-ஆம் தேதிக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள், சொன்ன மழை வரவில்லை. தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போயே போய்விட்டது. அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் 'மேம்பாலம்'.

அடுத்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல். அது புயலாகுமா ஆகாதா என்பதிலேயே இழுபறி. ஆகும் என்றார்கள். அப்புறம் கரைக்கு வரும்போது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத்தான் இருக்கும் என்றார்கள். 29-ஆம் தேதி மதியம் புயலே ஆகிவிட்டது என்றார்கள். விழுப்புரம் மாவட்டம் அரகண்டநல்லூர் பக்கம் இருக்கும் என் தாய்மாமா ஒவ்வொரு அறிவிப்பையும் குழுவில் போட்டு, "இவங்களுக்கே தெரியலை, நமக்கு எதுக்குப் பயம்? எண்பது கிலோமீட்டர் காத்தாம். நம்ம பிரைவேட் பஸ்ஸே அந்த வேகத்துலதான் போகுது" என்று எழுதினார். நானும் சிரித்து வைத்தேன். அம்மா அப்போது மாமா வீட்டில்தான் இருந்தார். "ரெண்டு நாள் இங்க வந்துடும்மா" என்று சொல்ல வாய் வரை வந்தது. மேம்பாலம் ஞாபகம் வந்து விழுங்கிவிட்டேன்.

30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மாமா ஊரில் காற்று ஒன்றும் பெரிதாக இல்லை. மறுநாள் மழை விடவே இல்லை. 2-ஆம் தேதி விடிவதற்குள் தென்பெண்ணை ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. வீட்டுக்குள் இடுப்பளவு. பக்கத்து மாடி வீட்டுக்காரர் அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். அம்மாவின் தையல் மெஷின், நாற்பது மூட்டை நெல், வீட்டுப் பத்திரம் எல்லாம் தண்ணீருக்குள்.

இப்போதும் மாமா சொல்வது, "புயல் சின்னதுதான்டா. சாத்தனூர் அணைத் தண்ணி வந்துச்சு. அதுக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்?" என் தம்பி வேறு பாட்டு பாடுகிறான்: டிவிக்காரர்கள் எல்லாப் புயலையும் ஊர் அழியப் போவதுபோல் காட்டியதால்தான் நிஜமானது வரும்போது யாரும் நம்பவில்லையாம். நான் 'பெரிய புயல்' கட்சி. ஆனால் எண்ணைப் பார்த்தால் என் பக்கம் வலுவில்லை. 2020-இல் நிவர் மிகத் தீவிரப் புயலாக, மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் காற்றோடு, ஏறக்குறைய இதே கரையில்தான் ஏறியது. மாமா வீட்டில் ஒரு முருங்கைக் கிளை ஒடிந்ததோடு சரி. அதைவிட இரண்டு படி கீழே இருந்த ஃபெஞ்சல் பீரோவைப் புரட்டிப் போட்டது.

ஐப்பசி வரப்போகிறது. எதைப் பார்த்துக் கிளம்புவது, எதைப் பார்த்துச் சும்மா இருப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மழைக்கிறுக்கன்:

மேம்பாலம் அண்ணே (கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது), உங்கள் மாமா சொன்ன எண் சரி. அது என்ன எண் என்பதில்தான் கோளாறு.

புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்ற பெயர்கள் எல்லாமே காற்றின் வேகத்துக்கு மட்டும் வைத்தவை. மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் என்றால் புயல், 89 முதல் 117 வரை தீவிரம், 118-இல் மிகத் தீவிரம் ஆரம்பம். எவ்வளவு மழை, எத்தனை மணி நேரம் நிற்கும், எந்த ஆற்றில் கொட்டும் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் கிடையாது. நான் தாம்பரத்துக்காரன். 2015 டிசம்பர் 1 அன்று எங்கள் ஊரில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அன்றைக்குக் கடலில் பெயர் வைத்த புயல் எதுவுமே இல்லை! அதற்குப் பிறகுதான் மொட்டைமாடியில் மழைமானி வைத்தேன். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்காத மாதமில்லை.

நிவர் கரையேறியது, வலுவிழந்தது, போய்விட்டது. ஃபெஞ்சல் கரையேறிய பிறகு புதுச்சேரி பக்கத்திலேயே நகராமல் உட்கார்ந்துகொண்டது. ஃபெஞ்சலின் குணமே அதுதான். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல். அப்புறம் மெதுவாக உள்ளே நகர்ந்து, மறுநாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் புதைந்ததும் 1-ஆம் தேதிதான், காற்றெல்லாம் அடங்கிய பிறகு.

அணைக் கணக்கு எளிது. ஊத்தங்கரையில் பெய்வது பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூருக்குத்தான் வந்தாக வேண்டும். 2-ஆம் தேதி அதிகாலை அங்கிருந்து வெளியேறியது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. வானத்திலிருந்து விழுந்த அதே ஃபெஞ்சல்தான் ஆற்று வழியாக உங்கள் மாமா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. எப்போது திறந்தார்கள், எவ்வளவு முன்னால் சொன்னார்கள் என்று மாமா சண்டை போடட்டும், அது நியாயமான சண்டை. சம்பந்தமே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

ரெட் அலர்ட் பற்றியும் ஒன்று. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்றால் அதி கனமழை, சிவப்பு. அதற்கு மேல் நிறமே இல்லை. 21 செ.மீ.யும் சிவப்பு, 50 செ.மீ.யும் சிவப்பு. அக்டோபரில் மேம்பாலத்துக்குப் போனவர்களும் டிசம்பரில் மாடிக்கு ஓடியவர்களும் பார்த்தது ஒரே நிறம். உங்கள் தம்பி சொல்வதில் பாதி இதனால்தான் உண்மையாகத் தெரிகிறது.

எண்ணை நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 2013-இல் பைலின் ஒடிசாவை நோக்கி வந்தபோது அமெரிக்கப் புயல் எச்சரிக்கை மையம் காற்று மணிக்கு 260 கிலோமீட்டர் என்றது, நம்மவர்கள் 215 என்றார்கள். நம் வானிலைத் துறை ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறது என்று ஒரே கூச்சல். அவர்கள் காற்றின் வேகத்துக்கு ஒரு நிமிடச் சராசரி எடுப்பவர்கள், நாம் மூன்று நிமிடச் சராசரி. ஒரே காற்றுக்கு இரண்டு எண் வர அதுவே ஒரு காரணம். அந்தச் சண்டை ஒரு பக்கம் நடக்க, ஒடிசா அரசு லட்சக்கணக்கானவர்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியது. 1999 சூப்பர் புயலில் அங்கே இறந்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி, பைலினில் ஐம்பதுக்கும் கீழே. அதற்கும் 'ஊதிப் பெருக்கினார்கள்' என்று சொன்ன ஆட்கள் இருந்திருப்பார்கள்.

நான் பார்ப்பது: கரையேறிய பிறகு நகருமா, நிற்குமா? என் ஆற்றுக்கு மேலே எந்த ஊரில் பெய்கிறது? உங்கள் மாமா விழுப்புரம் மழையைப் பார்த்தார். அவர் பார்த்திருக்க வேண்டியது ஊத்தங்கரையை.

---

பேராவூரணி_தென்னை:

தம்பி மழைக்கிறுக்கன், விவரமாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனால் படித்து முடித்தால் காற்று என்பது சும்மா பெயர் வைக்க மட்டும் என்பதுபோல இருக்கிறது. எங்கள் பக்கம் வந்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

2018 நவம்பர் 16, கஜா. அதுவும் பல நாள் கடலில் சுற்றிச் சுற்றி வந்து, அது எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று ஆளாளுக்குக் கேலி செய்த புயல்தான். வேதாரண்யம் பக்கம் ஏறியது. எங்களுக்கு மழை பெரிதில்லை. நாலு ஏக்கரில் 280 மரம் வைத்திருந்தேன், அப்பா நட்டது பாதி, நான் நட்டது பாதி. விடிந்து பார்த்தபோது நின்றது 31. சாய்ந்த மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. காய் எல்லாம் கீழே கிடக்கிறது, பொறுக்க மனம் வரவில்லை. டெல்டாவில் விழுந்த மின்கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மாதக் கணக்கானது.

அரசு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 கொடுத்தது. வாங்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நெட்டைத் தென்னை ஒழுங்காகக் காய்க்க ஆறேழு வருடம். அதுவரை வீட்டுச் செலவு? என் மகன் திருப்பூருக்குப் போனது கஜாவால்தான், இன்னும் திரும்பவில்லை. கஜாவும் வகையில் நிவர் போலவே 'மிகத் தீவிரம்'தான். நெல் போட்டவனுக்கு மழைப் புயல், தென்னை போட்டவனுக்குக் காற்றுப் புயல். இதில் எது பெரிது என்று டிவியில் யாரைக் கேட்கிறார்கள்?

---

மழைக்கிறுக்கன்:

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சேர்க்கிறேன்: காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 85-க்கும் 120-க்கும் இடையே 35-தான் வித்தியாசம் என்று தோன்றும், மரத்தின்மேல் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பஸ் கணக்கு மாமாவுக்கும் இதைச் சொல்லலாம்.

---

இளநீர்_வண்டி:

எல்லோரும் பயப்படச் சொல்கிறீர்கள். நான் மயிலாப்பூரில் தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். அலர்ட் என்றால் எனக்கு அன்றைக்கு வியாபாரம் கிடையாது, வாங்கி வைத்த காயும் தேங்கிவிடும். மாதச் சம்பளக்காரருக்கு வீட்டிலிருந்து வேலை, எனக்கு வீட்டிலிருந்து பசி. அந்த அக்டோபர் 16-இல் வண்டியைக் கட்டிப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த முறை அலர்ட் வந்தபோது வண்டியை எடுத்தேன், வேறென்ன செய்வது? நம்பிக்கை இல்லாமல் இல்லை. தினமும் நம்புவதற்கு என்னிடம் காசு இல்லை.

---

தூத்தூர்_கரை:

படித்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்று பார்த்தேன்.

கரையைக் கடந்தால்தான் புயல் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். ஒக்கி எங்கள் கரையைக் கடக்கவே இல்லை. குமரிக்குத் தெற்கே கடலோடு கடலாகப் போனது. 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலம், 30-ஆம் தேதி காலையில் புயல். எங்கள் ஆட்கள் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள், ஒரு தடவை போனால் வாரக் கணக்கில் ஆழ்கடல். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அதை யார் பார்ப்பது? கரையில் கேட்ட எச்சரிக்கை கடலுக்குள் போய்ச் சேர வழியில்லை. போட்டில் இருந்த வயர்லெஸ் பக்கத்துப் போட்டுக்குத்தான் எட்டும்.

என் அண்ணன் மகன் திரும்பி வரவில்லை. அந்த வாரம் டிவியில் 'சென்னைக்கு ஆபத்தில்லை' என்று ஓடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தப்பில்லை, சென்னைக்கு ஆபத்தில்லைதான்.

இப்போது போட்டுகளில் டிரான்ஸ்பாண்டர் வைக்கிறார்கள், செய்தி வருகிறது. கடலுக்குப் போகாதே என்றால் எங்கள் பையன்கள் இப்போதும் முணுமுணுப்பார்கள், ஐஸ் போட்ட காசு, டீசல் காசு என்று. நான் வாதாடுவதில்லை. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வேன்.

---

வேளச்சேரி_கீழ்த்தளம்:

எல்லோருக்கும் நன்றி. தூத்தூர் அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, இரண்டு முறை எழுதி அழித்தேன்.

இளநீர்க்காரர் சொன்னதைத் தம்பிக்கு அனுப்பினேன், "நான் சொன்னதும் அதேதான்" என்கிறான். அதே இல்லை என்று எனக்குப் படுகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறான், நேரில் பேசிக்கொள்கிறேன். இந்த முறை ஊத்தங்கரையில் பதினைந்து செ.மீ. என்று கேட்டாலே நான் கிளம்பிப் போய் அம்மாவை அழைத்து வந்துவிடுவேன், குழுவில் என்ன பெயர் வைத்தாலும் சரி. வேளச்சேரி கீழ்த்தளத்துக்கு அழைத்து வருவதும் ஒரு கூத்துதான், அதனால் மூன்றாம் மாடி நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மழைக்கிறுக்கன் எழுதிய பாம்பாறு கணக்கை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். பிறகு, "ஊத்தங்கரை எங்க இருக்கு, நம்ம ஊர் எங்க இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பு உயரத்தில் பழுப்பாக அப்படியே இருந்தது. அதை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். போன வாரம் மாமா ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். நெல் மூட்டைகளை மட்டும் இப்போது பரண்மேல் அடுக்கியிருக்கிறார், ஏன் என்று கேட்டால் எலித் தொல்லையாம்.