யூகுலேலே: சி மேஜரின் துணைக் கார்டுகளில் கை சிக்கும் இடங்கள்

பசுமலை:
சி, எஃப், ஜி கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுறது) மூணும் கைக்கு வந்ததும், டி மைனர், இ மைனர், ஏ மைனரைப் புது ஷேப்பா நினைச்சு மனப்பாடம் பண்ண உட்கார்ந்துடுறாங்க. தேவையே இல்ல. ஏ மைனருக்கு (2000, அதாவது ஜி, சி, இ, ஏ கம்பி வரிசையில அழுத்துற ஃப்ரெட் எண், 0-ன்னா திறந்த கம்பி) ஜி கம்பி 2-ஆம் ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) நடுவிரல். அதை எடுக்காம ஆள்காட்டிய இ கம்பி 1-ல வைங்க, எஃப் (2010). ரெண்டையும் எடுக்காம மோதிர விரல சி கம்பி 2-ல வைங்க, டி மைனர் (2210). ஒவ்வொரு தடவையும் மாறுறது ஒரே ஸ்வரம். எஃப்ல எஃப்-ஏ-சி, டி மைனர்ல டி-எஃப்-ஏ, ரெண்டு ஸ்வரம் பொது. அதனாலதான் எஃப் வர்ற இடத்துல டி மைனர் போட்டாலும் பெரும்பாலும் மெட்டோட முட்டுறதில்ல.

மேலூர்:
அது சரிண்ணே, இ மைனர்தான் வில்லங்கம். 0432-ன்னு ஏணி கட்டுனா, ஜி-க்குத் திரும்புறப்ப மூணு விரலும் கலையும், தாளம் அங்கதான் விழும். ஜி-யை (0232) பிடிச்சபடியே சுண்டு விரல சி கம்பி 4-ல வைங்க. அம்புட்டுத்தான், இ மைனர். 2-ல இருக்குற ஆள்காட்டி சும்மா கிடக்கட்டும். சுண்டு விரல் படுத்துட்டா பக்கத்து இ கம்பி 'டப்'னு செத்துப்போகும். கட்டைவிரல கழுத்துக்குப் பின்னால நடுவுக்கு இறக்குங்க, சுண்டு விரல் நிமிரும். நகமும் ஒட்ட வெட்டியிருக்கணும்.

தல்லாகுளம்:
கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு ஒண்ணு. சி-யை ஸட்ஜமா வச்சா இது சங்கராபரணம். மூணு மைனரும் ரி, க, த மேல நிக்குது, எல்லாம் ராகத்துக்குள்ள. அடுத்த கார்டுக்கு இழுக்குற ஏ7 (0100) வந்தா சி கம்பி 1-ல சுத்த ரிஷபம், அந்நிய ஸ்வரம். அது ஒரு ஃப்ரெட் ஏறி டி மைனரோட டி-ல உட்காரும். இ7-லயும் (1202) ஜி கம்பி 1-ல இருக்குற சுத்த தைவதம் 2-க்கு ஏறினா ஏ மைனரோட ஏ. அதனால அடுத்து எந்தக் கார்டுன்னு பாத்துட்டு ஏ7, இ7 போடுங்க. ஏ7-ல இருந்து எஃப்-க்கு ஓடினா காது டி-யைத் தேடிக்கிட்டே நிக்கும்.

திருமங்கலம்:
ஏ7 மட்டும் அபஸ்வரமா கேட்டா விரலைத் திட்டாதீங்க. திறந்த சி கம்பியை ட்யூனர்ல சரி பண்ணிட்டு, 1-ஆம் ஃப்ரெட்ட லேசா அழுத்தி மீட்டுங்க. அப்பவும் முள் சி ஷார்ப்பை (அந்த ஃப்ரெட்ல வர வேண்டிய ஸ்வரம்) தாண்டினா, பெரும்பாலும் நட்ல (கழுத்தோட தலைப்பக்கம் கம்பியைத் தாங்குற கட்டை) கம்பி உக்கார்ற பள்ளம் உசரமா இருக்கு. துளித்துளியா அராவணும். ஒரேயடியா இறக்கிட்டா கம்பி ஃப்ரெட்ல தட்டி இரையும், நட்டையே மாத்த வேண்டிவரும். அழகர் ஆத்துல இறங்குற மாச வெயில்ல ஸ்கூட்டர் டிக்கியில கிடந்த யூகுலேலேயை எடுத்த உடனே சோதிக்காதீங்க, முதல்ல ஆறட்டும்.