புதுப்பிப்பு: பின்பால் மெஷினின் வலது பிளிப்பர் சரியாயிட்டு
போன மாசம் கேட்டிருந்தேனே, குளச்சல்ல மாமா வீட்டுல கிடக்கிற பழைய பின்பால் மெஷின் (சரிவான பலகையில இரும்புப் பந்தை அடிச்சு ஆடுறது), அதோட வலது பிளிப்பர், அதாவது பந்தை அடிக்கிற சின்னத் துடுப்பு, பந்தைப் பாதிச் சரிவுகூட ஏத்தலைன்னு. பிளிப்பரை இயக்குற காயிலை (கம்பிச்சுருளை) மாத்துன்னு பலரும் சொன்னீங்க. நல்லவேளை, மாத்தலை.

பிளக்கைப் பிடுங்கிட்டு ஆட்டப்பலகையைத் தூக்கி, மல்டிமீட்டரை காயிலோட ரெண்டு ஓர முனையிலும் வச்சேன். மின்தடை சுமார் 4 ஓம் காட்ட வேண்டிய இடத்துல 19. காயில்ல பலமான சுற்று ஒண்ணு, மெல்லிய கம்பிச் சுற்று ஒண்ணுன்னு ரெண்டு இருக்கு. பிளிப்பர் முழுசா எழும்பும்போது மட்டும் திறக்கிற சின்ன சுவிட்ச் ஒண்ணு உண்டு. மத்த நேரம் அது மூடியிருந்தாத்தான் பலமான சுற்றுக்கு முழுக் கரண்டும் போகும். திறந்தா மெல்லிய கம்பிச் சுற்றும் சேர்ந்து, காயில் கருகாம தாங்கிப் பிடிக்கும். நம்ம சுவிட்சு முனை ரெண்டும் கறுத்து, குழி விழுந்து கிடந்தது. கடல்காத்து சும்மா விடுமா! டங்ஸ்டன் முனைங்கிறதால உப்புத்தாள் வேலைக்காகலை, பொடி அரம்தான். தேய்ச்சதும் 4.3.

அதோட முடியலை. மாமா எந்தக் காலத்துலயோ காயிலுக்குள்ள தேங்காயெண்ணெய் விட்டிருக்காரு! தூசியோட சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. உள்ளே ஓடுற இரும்புத்தண்டுக்கு எண்ணெயே கூடாது. நைலான் உறையை மாத்தி, தண்டோட நுனி பிதுங்கியிருந்ததை ராவிவிட்டேன்.

இப்ப பந்து மேலே போய் 'டங்'னு அடிக்குது. இடது பக்கத்துக்கு உறை இன்னும் வரலை, மாமா ஒத்தைக் கையாலதான் ஆடுறாரு.