சமூக ஊடகம் நின்றால், அது பழுதா அரசின் தடையா என்று எப்படி அறிவது?

கரையூரான் (யாழ்ப்பாணம்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இயங்கவில்லை. ஆறு மாதங்கள் கழித்து, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி நள்ளிரவை அடுத்து அதே செயலிகள் இலங்கையில் மீண்டும் நின்றன; யூடியூப்பும் ட்விட்டரும் கூடவே நின்றன. முன்னையது நிறுவனத்தின் பழுது, பின்னையது அரசின் தடை என்பது பிறகு தெளிவாயிற்று. ஆனால் கைப்பேசியை வைத்துக்கொண்டு காத்திருந்தவருக்கு இரண்டு இரவுகளிலும் செய்தி போகவில்லை என்பது மட்டுமே தெரிந்தது.

2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே உள்ள திகனயில் நடந்த வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களின் பின்னரும் இத்தகைய தடைகளைக் கண்டவர்கள் நாங்கள். உறவினர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டிய வேளையில் தொடர்பு அறுந்தால், அதன் காரணத்தையாவது அறியும் உரிமை எங்களுக்கு இருக்க வேண்டும். தொழில்நுட்பப் பயிற்சி இல்லாத ஒருவர் இதை எப்படிப் பிரித்தறிவது? தடை என்றால், அதற்கு ஆணையிட்டவர் யார் என்பதை அரசு சொல்லக் கடமைப்பட்டுள்ளதா?

வலைப்பொறியாளன் (கோயம்புத்தூர்) – மறுமொழி

கரையூரான் அவர்களுக்கு வணக்கம். முதலில் பார்க்க வேண்டியது, சேவை எங்கெல்லாம் நின்றிருக்கிறது என்பதைத்தான். நீங்கள் சொல்லும் அக்டோபர் இரவில் யாழ்ப்பாணத்தில் நின்றது லண்டனிலும் டொராண்டோவிலும் நின்றது. வழக்கமான பராமரிப்பின்போது, முதன்மை வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, பேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் தடங்கள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுத்து நிறுத்த வேண்டிய சோதனை மென்பொருளிலும் வழு இருந்தது. தரவு மையங்களை எட்ட முடியாமல் போனதும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அந்நிறுவனத்தின் டி.என்.எஸ். சேவையகங்கள் தம்மை அடையும் வழியை உலகுக்குத் தெரிவிக்கும் பி.ஜி.பி. அறிவிப்புகளைத் தாமாகவே திரும்பப் பெற்றன. அதன்பின் அந்தத் தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியை எந்த நாட்டிலிருந்தும் பெற முடியவில்லை.

அரசு தடை விதிக்கும்போது நிறுவனத்தின் சேவையகங்கள் நலமாகவே இருக்கும். உள்நாட்டு இணையச் சேவை நிறுவனங்களிடம்தான் வழி மறிக்கப்படும். பெயருக்குப் பொய்யான முகவரியைத் தருவது ஒரு முறை. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் மறையாக்கம் இல்லாமல் செல்வதால், அதைக் கண்டவுடன் இணைப்பை அறுத்துவிடுவது இன்னொரு முறை. ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் அந்தச் செயலி இயங்குகிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். பிறகு உள்ளூரில் வேறு நிறுவனத்தின் இணைப்பில் முயன்று பாருங்கள். ஒரு நிறுவனத்தில் மட்டும் நின்றிருந்தால் அது அந்நிறுவனத்தின் பழுதாகவோ கடலடிக் கம்பிவடத்தின் சிக்கலாகவோ இருக்கலாம். எல்லா உள்ளூர் நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் நின்று, பிற தளங்கள் திறந்து, வி.பி.என். (வேறு நாட்டுச் சேவையகம் ஒன்றின் வழியாக மறைவாக இணைக்கும் செயலி) வழியாகச் சென்றால் அந்தச் செயலியும் இயங்கினால், அது தடை என்று கருத வலுவான காரணம் உண்டு. 2022 ஏப்ரலில் இலங்கையில் பலர் வி.பி.என். கொண்டு தொடர்ந்து எழுதினார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூப்பைத் தடுக்குமாறு அரசு இட்ட ஆணையை நிறைவேற்ற, பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் அத்தளத்தின் முகவரிகளைத் தன் பக்கம் திருப்பும் பொய்யான அறிவிப்பை உருவாக்கியது. உள்நாட்டோடு நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பு ஹாங்காங்கைச் சேர்ந்த பி.சி.சி.டபிள்யூ. நிறுவனத்தின் வழியாக வெளியே கசிந்ததால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் தணிக்கை மற்ற நாடுகளுக்குப் பழுதாகப் போய்ச் சேர்ந்தது. உலகம் முழுதும் நின்றால் அரசுக்குத் தொடர்பில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

சட்டவாசகி (சென்னை) – மறுமொழி

மேலே உள்ள சோதனைகள் தடை இருப்பதைக் காட்டும், ஆணையிட்டவரைக் காட்டா. உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 2022 ஏப்ரல் 3 தடை, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் விதிக்கப்பட்டதாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பின்னர் தெரிவித்தது. அப்போது அவசரகால நிலையும் ஊரடங்கும் நடைமுறையில் இருந்தன. அன்றைக்கு நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. அவ்வாறு தணிக்கை செய்யப் பாதுகாப்பு அமைச்சுக்கு அதிகாரம் இல்லை என்று இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு கூறியதாகச் செய்திகள் வந்தன. பிற்பகலிலேயே தடை நீங்கியது. அமைச்சரவையில் இருந்த நாமல் ராஜபக்ஷவே அந்தத் தடையை ஏற்க மறுத்து வெளிப்படையாக எழுதினார்.

இந்தியாவில் இரண்டு வழிகள் உள்ளன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட தளத்தையோ பதிவையோ தடுப்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் நடக்கிறது. அதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆம் விதி, புகார்களையும் நடவடிக்கைகளையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. தடுக்கப்பட்டவருக்கே காரணம் எட்டாமல் போக இந்த விதி இடம் தருகிறது என்பதால், இது நீக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வட்டாரத்தின் இணையத்தையே நிறுத்துவது வேறு விதிகளின்படி நடக்கிறது. காஷ்மீரின் இணைய நிறுத்தத்தை எதிர்த்து இதழாசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், அத்தகைய ஆணைகளை வெளியிட வேண்டும் என்றும், காலவரையறையின்றி இணையத்தை நிறுத்திவைக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. ஆணை கையில் இருந்தால்தான் நீதிமன்றத்தை அணுக முடியும். வெளியிடாத ஆணையை எதிர்த்து வழக்காடுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தாமிரபரணி (திருநெல்வேலி) – மறுமொழி

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள், தூத்துக்குடியுடன் திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த மாநில அரசு ஆணையிட்டது. சுடப்பட்டவர்கள் யார், எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று ஊர் முழுதும் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வதந்தியைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. மெய்யான செய்தியும் அதே வழியில்தான் வர வேண்டியிருந்தது.

கரையூரான் – தொடர் கேள்வி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஓர் ஐயம் உள்ளது. முழுதாக நிற்காமல், படங்கள் மட்டும் ஏறாமல், சேவை மிக மெதுவாகிவிட்டால் அதையும் தடை என்று கொள்ளலாமா?

வலைப்பொறியாளன் – மறுமொழி

கொள்ளலாம், ஆனால் மெய்ப்பிப்பது கடினம். நெரிசலுக்கும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஜம்மு காஷ்மீரில் 2020 ஜனவரியில் கைப்பேசி இணையம் திரும்பியபோது 2ஜி வேகத்தில்தான் திரும்பியது; 4ஜி முழுமையாகக் கிடைக்க 2021 பிப்ரவரி ஆயிற்று. ரஷ்யாவில் 2021 மார்ச்சில் ட்விட்டரை மெதுவாக்கியபோது, நீண்ட இணைப்புகளைச் சுருக்கித் தரும் அதன் குறுஞ்சுட்டி முகவரியான t.co என்ற எழுத்துத் தொடர் எந்தப் பெயருக்குள் வந்தாலும் வேகம் குறையும்படி வடிகட்டி அமைக்கப்பட்டிருந்ததால், மைக்ரோசாஃப்ட், ரெடிட் போன்ற தொடர்பில்லாத தளங்களும் பாதிக்கப்பட்டன. அந்தப் பிழையே ஆய்வாளர்களுக்குச் சான்றாயிற்று.

ஒரே இணைப்பில் வி.பி.என். உடனும் இல்லாமலும் அதே படத்தை ஏற்றி, எடுக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். தேதி, நேரம், இணைப்பு வழங்கும் நிறுவனம், திரையில் தோன்றிய பிழைச் செய்தி ஆகியவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். ஊனி என்ற தன்னார்வத் திட்டத்தின் செயலி இத்தகைய சோதனைகளைத் தானாகவே செய்யும். ஆனால் அதன் முடிவுகள் உங்கள் இணைப்பு நிறுவனத்தின் பெயருடன் பொதுவில் வெளியாகும் என்பதை அறிந்தே பயன்படுத்துங்கள். பதற்றமான நாட்களில் உங்கள் பாதுகாப்பை முதலில் எண்ணிப் பாருங்கள். வி.பி.என். செயலியை அமைதியான நாளிலேயே நிறுவிக்கொள்வது நல்லது, ஏனெனில் தடை வரும்போது அதைப் பதிவிறக்கும் தளமும் எட்டாமல் போகலாம். இணையம் முற்றாகத் துண்டிக்கப்பட்டால் அதுவும் பயன்படாது. அந்நிலைக்கு, வெளிநாட்டு உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைத்திருங்கள்.