வாடிய இதழைத் தினமும் உதிர்த்தும் ரோஜா பூக்கவில்லை, என்ன செய்வது?

ஈசூன் 9ஆம் மாடி:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் இரண்டு தொட்டி ரோஜா, ஒரு தொட்டி துலுக்கச் சாமந்தி. வாங்கி வந்தபோது கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. வாடிய பூவை விட்டுவைக்காதே என்று அம்மா ஊரிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் வேலைக்குக் கிளம்பும் முன் காய்ந்த இதழ்களை உதிர்த்துவிடுகிறேன். உரம் போடுகிறேன், மதியம் வரை நல்ல வெயிலும் படுகிறது. ஆனால் இரண்டு மாதமாகப் புதுப் பூவே இல்லை. மனசு கேட்கவில்லை.

தோட்டத்து அக்கா:
தம்பி, இதழை மட்டும் எடுக்கிறீர்களா, அடியில் உள்ள பச்சைக் குமிழையும் சேர்த்தா?

ஈசூன் 9ஆம் மாடி:
இதழ் மட்டும்தான் அக்கா. இப்போது போய்ப் பார்த்தேன். ஐந்து காம்பில் சுண்டைக்காய் அளவுக்கு உருண்டு நிற்கிறது, உச்சியில் காய்ந்த நூல் நூலாக. மொட்டு என்றல்லவா நினைத்தேன்!

தோட்டத்து அக்கா:
அது காய். உள்ளே விதை முற்றுகிறது. செடியின் சத்தெல்லாம் அங்கே போனால் புதுத் தளிருக்கு என்ன மிஞ்சும்? காம்பைப் பிடித்துக் கீழே வாருங்கள். முதலில் மூன்று சிற்றிலை உள்ள இலை வரும், அப்புறம் ஐந்து சிற்றிலை உள்ளது. அந்த ஐந்து சிற்றிலை இலை முளைக்கும், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சுத்தமான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். இங்கே குளிர்காலம் கிடையாது, எந்த மாதமும் வெட்டலாம். ஆறேழு வாரம் பொறுங்கள். சாமந்தியையும் அடிப் பச்சையோடு கிள்ள வேண்டும். ஆனால் அது ஓராண்டுச் செடி. தண்டு காய்ந்து வந்தால் புது விதை போடுவதுதான் சரி.

பிடோக் வாசி:
உதிர்த்த இதழைத் தொட்டி மண்ணிலேயே விடாதீர்கள். மழை நாளில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். அக்கா, என் காகிதப்பூவுக்கும் இதே வைத்தியமா?

தோட்டத்து அக்கா:
அதற்குக் குமிழ் தேட வேண்டாம். நிறமாகத் தெரிவது இதழே அல்ல, பூவடிச் செதில், அதாவது பூவைச் சுற்றி நிறம் மாறிய இலை. நடுவில் வெள்ளையாக இருக்கும் சின்னதுதான் பூ. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளை நுனியைக் கத்தரியுங்கள், புதுக் கிளையில்தான் பூக்கும். மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

ஈசூன் 9ஆம் மாடி:
ஏழு வாரம் ஆயிற்று. வெட்டிய ஐந்து காம்பில் நான்கில் செந்தளிர் வந்து, இரண்டில் மொட்டு நிற்கிறது. அடியில் கைவைத்துப் பார்த்துவிட்டேன், இந்தத் தடவை மொட்டேதான். மிக்க நன்றி அக்கா.