டிராம்பிள் + டெத்டச், எதிரே மூணு பிளாக்கர்: எதிராளிக்கு எத்தனை டேமேஜ் போகும்?

பச்சைமனா கேட்டது:

மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டில் ஒரு காம்பாட் (கிரியேச்சர்கள் மோதும் கட்டம்) சந்தேகம். ரெண்டு பேர் ஆட்டம், என் டர்ன். போர்டு இப்படி:

என் பக்கம் கலாசல் டிரெட்மா என்ற பச்சை கிரியேச்சர் (6/6, அதாவது அடிக்கும் பவர் 6, தாங்கும் டஃப்னஸ் 6; டிராம்பிள், அதாவது பிளாக்கர்களுக்குப் போக மிஞ்சும் டேமேஜ் எதிராளிக்குப் போகும்). அதில் பேசிலிஸ்க் காலர் மாட்டியிருக்கு, அதனால் டெத்டச் (கொஞ்சம் டேமேஜ் பட்டாலே கிரியேச்சர் சாகும்), லைஃப்லிங்க் (அது கொடுக்கும் டேமேஜ் அளவுக்கு எனக்கு லைஃப்) ரெண்டும் உண்டு. என் லைஃப் 3. கையில் ஜயன்ட் குரோத் (டர்ன் முடியும்வரை ஒரு கிரியேச்சருக்கு +3/+3), அதுக்குத் தேவையான பச்சை மனாவும் (கார்டு போட ஆகும் செலவு) இருக்கு.

எதிராளி பக்கம் மிரன் குரூசேடர் (2/2, ரெண்டு முறை அடிக்கும் டபுள் ஸ்ட்ரைக், கறுப்பு, பச்சை ரெண்டு நிறத்தின் டேமேஜையும் தடுக்கும் புரொடெக்‌ஷன்), டார்க்ஸ்டீல் மிர் (0/1, இன்டிஸ்ட்ரக்டிபிள்), ஹில் ஜயன்ட் (3/3). லைஃப் 5. கையில் டிஸென்சான்ட் (காலர் மாதிரி ஆர்டிஃபாக்டை அழிக்கும் கார்டு), அதுக்கு மனாவும் உண்டு.

டிரெட்மாவால் அட்டாக் பண்ணினேன். மூணையும் வைத்து பிளாக் பண்ணினார். "மூணுக்கும் ஒவ்வொண்ணு, மிச்சம் 3 உங்களுக்கு" என்றேன். உடனே காலர் மேல் டிஸென்சான்ட் போட்டார். இப்போ சண்டை இதில்தான்:

1. குரூசேடருக்குப் பச்சையிடமிருந்து புரொடெக்‌ஷன் இருக்கு, மிர் அழியவே அழியாது. இந்த ரெண்டுக்கும் 1 போதுமா?
2. நான் பிரிச்சுச் சொன்ன பிறகு டிஸென்சான்ட் போட முடியுமா?
3. டிரெட்மாவும் செத்தால் லைஃப்லிங்க் லைஃப் வருமா?
4. ஜயன்ட் குரோத் போட்டு டிரெட்மாவைக் காப்பாத்தினால், டர்ன் முடிவில் +3/+3 போனதும் அது செத்துடுமா?

ஸ்டாக்வாசி பதில்:

முதல் கேள்விக்கு: போதும். டெத்டச் இருக்கிற சோர்ஸிலிருந்து ஒதுக்கும் காம்பாட் டேமேஜ் எவ்வளவாக இருந்தாலும், பூஜ்யமாக இல்லாத வரை, அது "லீத்தல்" (கொல்லப் போதுமான அளவு) கணக்குதான் (ரூல் 702.2c). டிராம்பிள் கேட்பதும் அதைத்தான்: ஒவ்வொரு பிளாக்கருக்கும் லீத்தல் அளவு ஒதுக்கு, மிச்சத்தை எதிராளிக்குக் கொடு.

பலரும் இடறுவது புரொடெக்‌ஷனில். டேமேஜை *ஒதுக்குவது* வேறு, அது *போய்ச் சேருவது* வேறு. ஒதுக்கும்போது புரொடெக்‌ஷன், இன்டிஸ்ட்ரக்டிபிள், டேமேஜைத் தடுக்கும் எஃபெக்ட் எதையும் பார்க்கக் கூடாது என்று 702.19b தெளிவாகவே சொல்கிறது. குரூசேடருக்கு ஒதுக்கின 1 பிறகு தடுக்கப்படும், குரூசேடர் உயிரோடு இருக்கும். ஆனால் ஒதுக்கல் கணக்கில் அந்த 1 சரியானதுதான். மிருக்கும் அப்படியே: 1 டேமேஜ் நிஜமாகவே விழும், ஆனால் இன்டிஸ்ட்ரக்டிபிள் என்பதால் டெத்டச்சும் அதை டெஸ்ட்ராய் பண்ண முடியாது. (டஃப்னஸை பூஜ்யமாக்கினால் மிரும் போகும். அது டெஸ்ட்ராய் கணக்கில் வராது, நேராக கிரேவ்யார்ட் (செத்த கார்டுகளின் குவியல்) தான்.)

ஆக 1 + 1 + 1, எதிராளிக்கு 3. நீங்கள் சொன்ன எண்ணில் தப்பில்லை.

மூணாவதுக்கும் சொல்லிவிடுகிறேன்: வரும். லைஃப்லிங்க் இப்போது ட்ரிகர் (டேமேஜுக்குப் பிறகு தனியாக நடக்கும் எஃபெக்ட்) இல்லை. 2009இல் மேஜிக் 2010 ரூல் மாற்றம் வந்ததிலிருந்து, டேமேஜ் விழுவதோடு சேர்ந்தே லைஃப் ஏறுகிறது. டிரெட்மா அதே நொடியில் செத்தாலும் கவலையில்லை. உங்களுக்கு 6 லைஃப் ஏறும்.

மூன்றாம்படி பதில்:

ஸ்டாக்வாசி சொன்னதில் ஒரு திருத்தம். 6 ஏறாது, 5தான். லைஃப்லிங்க் எண்ணுவது ஒதுக்கின டேமேஜை இல்லை, விழுந்த டேமேஜை. குரூசேடருக்குப் போன 1 தடுக்கப்பட்டுவிடும். மிருக்கு 1, ஹில் ஜயன்ட்டுக்கு 1, எதிராளிக்கு 3. லைஃப் 3 இருந்தால் 8 ஆகும்.

இனி ரெண்டாவது கேள்வி. இந்தப் போர்டில் முக்கியமானதே அதுதான், மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல். இங்கே காம்பாட் டேமேஜ் ஸ்டெப் ஒன்று இல்லை, ரெண்டு. டேமேஜ் ஸ்டெப் ஆரம்பிக்கும்போது அட்டாக்கர், பிளாக்கர் எவரிடமாவது ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்கோ (முந்தி அடிப்பது) டபுள் ஸ்ட்ரைக்கோ இருந்தால், தனியாக ஒரு முதல் ஸ்டெப் உண்டாகும். குரூசேடரிடம் டபுள் ஸ்ட்ரைக் இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால்:

அ) பிளாக் அறிவிக்கும் ஸ்டெப். பிளாக் முடிந்ததும் உங்களுக்கு முதலில் பிரையாரிட்டி (கார்டு போடும் வாய்ப்பு), பிறகு அவருக்கு.

ஆ) முதல் டேமேஜ் ஸ்டெப். குரூசேடர் மட்டும் அடிக்கும், டிரெட்மா மேல் 2 டேமேஜ். டிரெட்மா இன்னும் அடிக்கவில்லை, நீங்கள் எதையும் பிரிக்கவும் இல்லை. டேமேஜ் விழுந்த பிறகு மறுபடி ரெண்டு பேருக்கும் பிரையாரிட்டி.

இ) ரெண்டாவது டேமேஜ் ஸ்டெப். இங்கேதான் "ஒவ்வொண்ணு, மிச்சம் 3" என்று பிரிக்க வேண்டும். பிரித்ததும் டேமேஜ் உடனே விழும். பிரிப்பதற்கும் விழுவதற்கும் நடுவில் யாருக்கும் பிரையாரிட்டி கிடையாது. 2009க்கு முன்னால் டேமேஜ் ஸ்டாக்கில் (போட்ட கார்டுகள் நடக்கக் காத்திருக்கும் அடுக்கு, கடைசியாக வந்தது முதலில் நடக்கும்) போய் உட்காரும், அப்போது நடுவில் புகுந்து ஏதாவது செய்யலாம். இப்போது முடியாது.

எனவே (இ)-க்கு வந்து பிரித்துவிட்டால் டிஸென்சான்ட் ரொம்பத் தாமதம். ஆனால் நீங்கள் எழுதினதைப் பார்த்தால், பிளாக் முடிந்ததும் நேராகப் பிரிப்பதற்குத் தாவியிருக்கிறீர்கள். (அ)-விலும் (ஆ)-விலும் அவருக்கு இருந்த ரெண்டு வாய்ப்பை நீங்கள் தாண்டிப் போக முடியாது. ஆட்டம் இன்னும் (அ)-வில்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டிஸென்சான்ட் செல்லும்.

மேசையில் இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "பிளாக் முடிஞ்சதா? நான் ஒண்ணும் பண்ணலை, நீங்க?" அவர் "இல்லை" என்றால், "ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் டேமேஜ், டிரெட்மாவுக்கு 2 விழுது. இங்கே ஏதாவது?" அதற்கும் "இல்லை" என்றால் மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். அதுக்கு மேல் அவர் கார்டைக் காட்டினால் செல்லாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பச்சைமனா:

ரெண்டு டேமேஜ் ஸ்டெப் என்பதையே நான் யோசிக்கவில்லை. சரி, டிஸென்சான்ட் செல்லும் என்றால் காலர் போய்விடுகிறது. அப்புறம் என் கணக்கு என்ன? ஜயன்ட் குரோத்தை எப்போ போடணும், டிஸென்சான்ட் ஸ்டாக்கில் இருக்கும்போதா, ரிசால்வ் ஆன (அது நடந்து முடிந்த) பிறகா? அவர் இன்னொண்ணும் சொன்னார்: பிளாக்கர்களை வரிசைப்படுத்தி, முதல் ஆளுக்கு முழுசா கொடுத்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போகணுமாம்.

மூன்றாம்படி பதில்:

காலர் போனால் டெத்டச் போச்சு, லீத்தல் மறுபடி டஃப்னஸ் கணக்குக்கு வந்துவிடும். குரூசேடருக்கு 2, மிருக்கு 1, ஹில் ஜயன்ட்டுக்கு 3. மொத்தம் 6. டிரெட்மாவின் பவரும் 6. எதிராளிக்கு பூஜ்யம். மூணு பிளாக்கரும் சேர்ந்து அச்சாக 6 வருவது அவருக்கு அடித்த அதிர்ஷ்டம்.

எப்படியும் எதிராளிக்கு ஒன்றும் போகாது என்றால், குரூசேடருக்கு 2 ஒதுக்கி வீணாக்க வேண்டாம். தடுக்கப்படத்தான் போகிறது. ஹில் ஜயன்ட்டுக்கு 3 கொடுத்தால் அது சாகும், மிச்சம் எங்கே போனாலும் ஒன்றுதான். பதிலுக்கு டிரெட்மா வாங்குவது: முதல் ஸ்டெப்பில் 2, ரெண்டாவதில் குரூசேடரிடம் 2, ஹில் ஜயன்ட்டிடம் 3, மிரிடம் 0. மொத்தம் 7. 6 டஃப்னஸ் தாங்காது, செத்துவிடும்.

ஜயன்ட் குரோத் போட்டால் 9/9. காலர் இல்லாமல்: 2 + 1 + 3 போக எதிராளிக்கு 3, அவர் லைஃப் 2. டிரெட்மா 7 வாங்கியும் நிற்கும். காலர் இருந்தால் 1 + 1 + 1 போக எதிராளிக்கு 6, ஆட்டம் முடிந்தது.

நேரம்: டிஸென்சான்ட்டைப் பொறுத்தவரை முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் விளைவு ஒன்றுதான், ஏனென்றால் அது குறிவைப்பது காலரை, டிரெட்மாவை இல்லை. ஆகவே பொறுத்திருங்கள். ரிசால்வ் ஆனதும் டர்ன் உங்களுடையது என்பதால் முதல் பிரையாரிட்டி உங்களுக்குத்தான் வரும். (ஆ)-வில் இருக்கும்போது மட்டும் கவனம்: ஸ்டாக் காலியாக இருக்க ரெண்டு பேரும் அடுத்தடுத்து பாஸ் பண்ணினால் நேராக ரெண்டாவது டேமேஜ்தான். "அவர் ஏதாவது பண்ணட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பாஸ் பண்ணி, அவரும் பாஸ் பண்ணிவிட்டால் குரோத் கையிலேயே நின்றுவிடும்.

ஸ்டாக்வாசி பதில்:

5 என்பதுதான் சரி. தடுக்கப்பட்ட ஒன்றையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

பிளாக்கர் வரிசை பற்றி: அவர் சொல்வது பழைய ரூல். மேஜிக் 2010இலிருந்து 2024 வரை அப்படித்தான் இருந்தது. 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் செட்டோடு அந்த வரிசையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அட்டாக் பண்ணுகிறவர் பிளாக்கர்களுக்குள் இஷ்டப்படி பிரிக்கலாம். மூணில் நடுவில் இருப்பதற்கு மட்டும் ஆறையும் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் இதை வைத்து "டிராம்பிளிலும் பிளாக்கரைத் தவிர்க்கலாம்" என்று நினைத்துவிடக் கூடாது. எதிராளிக்கு ஒரே ஒரு டேமேஜ் அனுப்பவும், எல்லா பிளாக்கருக்கும் லீத்தல் போயிருக்க வேண்டும்.

இந்த மாற்றம் பிளாக் பண்ணுகிறவரைத்தான் அதிகம் பாதிக்கும். முன்பு வரிசை அறிவித்த பிறகு, முதலில் நிற்கும் பிளாக்கருக்கு ஜயன்ட் குரோத் போட்டால் பின்னால் நிற்பதும் சேர்ந்து தப்பித்துவிடும். இப்போது அட்டாக்கர் அதை விட்டுவிட்டு அடுத்ததை அடித்துவிடுவார்.

நாலாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை: சாகாது. டர்ன் கடைசியில் வரும் கிளீனப் ஸ்டெப்பில், விழுந்து கிடக்கும் டேமேஜ் நீங்குவதும் "டர்ன் முடியும்வரை" எஃபெக்ட்கள் முடிவதும் ஒரே சமயத்தில் நடக்கும் (514.2). டிரெட்மா 6/6 ஆகத் திரும்பும்போது அதன் மேல் 7 டேமேஜ் இருக்காது.

நாலாம் லேண்ட் பதில்:

இதே போர்டில் அடுத்த சண்டை எங்கே வரும் என்று தெரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிளாக் அறிவித்த பிறகு எதிராளி ஒரு பிளாக்கரை சாக்ரிஃபைஸ் பண்ணினால் (தானே கிரேவ்யார்டுக்கு அனுப்பினால்), அதற்கு ஒதுக்கத் தேவையில்லை. காலரோடு, ஹில் ஜயன்ட் போய்விட்டால் 1 + 1, எதிராளிக்கு 4. மூணுமே போய்விட்டால் 6ம் எதிராளிக்கு. இது டிராம்பிள் இருப்பதால் மட்டும். டிராம்பிள் இல்லாத கிரியேச்சர் என்றால், பிளாக்கர் காணாமல் போனாலும் அது "பிளாக் பண்ணப்பட்டது"தான், எதிராளிக்கு ஒன்றும் போகாது.

குரூசேடர் (அ)-விலேயே போர்டை விட்டுப் போய்விட்டால், வேறு யாரிடமும் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இல்லாததால் முதல் டேமேஜ் ஸ்டெப்பே இருக்காது. எதிராளிக்கு டிஸென்சான்ட் போடக் கிடைத்த ரெண்டாவது வாய்ப்பும் அதோடு போச்சு.

பிளாக்கரை டேப் பண்ணுவது (கார்டைப் பக்கவாட்டில் திருப்புவது) பிரயோஜனமில்லை. பிளாக் அறிவிப்பதற்கு முன்னால் டேப் பண்ணினால் பிளாக் பண்ண முடியாது. அறிவித்த பிறகு டேப் பண்ணினால் அது காம்பாட்டிலேயே இருக்கும், தன் டேமேஜையும் முழுசாகக் கொடுக்கும்.

காலர் இல்லாமல் கணக்குப் போடும்போது, அந்த டர்னில் ஏற்கெனவே விழுந்த டேமேஜையும் கழித்துக்கொள்ளுங்கள். காம்பாட்டுக்கு முன்பே ஹில் ஜயன்ட் 2 வாங்கியிருந்தால் அதற்கு லீத்தல் 1தான். உங்கள் போர்டில் அப்படி இருந்திருந்தால் டிஸென்சான்ட்டுக்குப் பிறகும் 2 எதிராளிக்குப் போயிருக்கும்.

பச்சைமனா:

கடைசியாக ஒன்று. டிஸென்சான்ட்டுக்குப் பதில் அவர் டிரெட்மா மேல் ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் போட்டிருந்தால்? அப்பவும் குரோத்தைப் பொறுத்திருந்து போடலாமா?

மூன்றாம்படி பதில்:

அங்கே பொறுத்திருக்கக் கூடாது. ஸ்வோர்ட்ஸ் ரிசால்வ் ஆனால் டிரெட்மா எக்ஸைலுக்கு (ஆட்டத்துக்கு வெளியே) போய்விடும், குரோத் போட ஆளே இல்லை. டிரெட்மாவைக் காப்பாத்தவும் குரோத்தால் முடியாது. ஆனால் ஸ்வோர்ட்ஸ் ஸ்டாக்கில் இருக்கும்போதே பதிலுக்குக் குரோத் போட்டால், அது முதலில் ரிசால்வ் ஆகும். டிரெட்மா 9/9. ஸ்வோர்ட்ஸ் அந்தக் கிரியேச்சரின் பவர் அளவுக்கு அதை வைத்திருப்பவருக்கு லைஃப் கொடுக்கும், ஆகவே உங்களுக்கு 6க்குப் பதில் 9 ஏறும். 3 லைஃபில் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இதைத் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். நீங்கள் முதலில் குரோத் போட்டு, அவர் பதிலுக்கு ஸ்வோர்ட்ஸ் போட்டால், ஸ்வோர்ட்ஸ் முதலில் ரிசால்வ் ஆகும். உங்களுக்கு 6தான் ஏறும். குரோத்துக்கு டார்கெட் இல்லாமல் அது ரிசால்வ் ஆகாமலே கிரேவ்யார்டுக்குப் போகும். காலர் மட்டும் யாரிடமும் மாட்டாமல் போர்டிலேயே கிடக்கும். அதன் எக்விப் செலவு 2, உங்கள் மெயின் ஃபேஸில்தான் மாட்ட முடியும். ரெண்டாவது மெயின் ஃபேஸில் வேறு கிரியேச்சர் இருந்தால், மனாவும் இருந்தால், அப்போதே மாட்டிக்கொள்ளலாம்.