பழம் பொறுக்கும் பாதையில் புலிவண்டு

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், தரையில் ஓடி இரை பிடிக்கும் புலிவண்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஓடும் வண்டின் பின்னால் போகாதீர்கள், அதன் புழு இருக்கும் பொந்தைத் தேடுங்கள்.

பிளஸ் ஆற்று மணலில் வெயில் ஏறிய பிறகு வண்டுகள் ஓடித் திரியும். ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், நீலமும் பச்சையும் மின்னும் உடம்பு, முதுகில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் என்றால் அது அநேகமாகக் காஸ்மோடெலா ஆருலென்டா என்ற புலிவண்டு இனம். கிட்டே போனால் விருட்டென்று பறந்து சில மீட்டர் தள்ளி இறங்கும். இரையைப் பிடிக்க ஓடும்போது நடுவில் சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். அந்த வேகத்தில் அதன் கண்ணுக்கு எதுவும் சரியாகப் பிடிபடுவதில்லை. நின்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த ஓட்டம்.

என்னைக் கட்டிப்போட்டது அதன் புழுதான். செம்பனைத் தோட்டத்து மண் பாதையில், புல் முளைக்காத கெட்டித் தரையில், வட்டமான சின்னத் துளைகள் இருந்தன. ஓரம் வழவழப்பாக இருந்தது. என் நிழல் மேலே விழாதபடி குந்தி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு துளை காணாமல் போனது. புழு மேலே வந்து, தன் தட்டைத் தலையாலேயே துளையின் வாயை அடைத்திருந்தது. ஓரமாக ஒரு எறும்பு வந்தது. புழு பின்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது, எறும்பைக் காணோம்! முதுகில் கொக்கிகளோடு ஒரு திமில் உண்டு. அதைப் பொந்தின் சுவரில் ஊன்றிக்கொள்வதால், மாட்டிய இரை திமிறினாலும் புழு வெளியே இழுபடாது.

உதிரிப்பழம் பொறுக்க வந்த அம்மா, "என்னய்யா, காசு கீசு விழுந்துருச்சா?" என்று குனிந்தார். காட்டியதும் கோணிப்பையை இறக்கி வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் புழு வளர மாதக்கணக்காகும், அதுவரை பொந்துதான் வீடு. பாதையில் கல் கொட்டினாலும் லாலான் புல் மூடினாலும் அங்கே அடுத்த தலைமுறை இல்லை. வெறும் மண்தானே என்று தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம், மெத்தோகா என்றொரு குளவி வகை. அதில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. புலிவண்டுப் புழுவின் தாடைக்குள் தானே போய் மாட்டிக்கொண்டு, அதைக் கொட்டி மயக்கி, அதன்மேல் முட்டையிட்டு, பொந்தை மண்ணால் அடைத்துவிடும். நம் தோட்டங்களில் இதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எந்த மாதிரி மண், எந்த நேரம் என்று விவரமாக எழுதுங்கள்.